பருத்திக்கு உழும் முன்னே

என் படத்தை உன் சட்டையில தொங்கப்போற அட்டையில போடணும்னு கேட்டியாமே ஆத்தா, உன் அப்பன் வந்து சொன்னான். சந்தோசம். இந்த வயசுல இந்த மூஞ்சிக்கு ஒரு மார்க்கெட்டு வந்திருக்குன்னா வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா நீ அனுப்பிவிட்ட அந்தப் போட்டோக்காரத் தம்பி கைக்கடிகாரத்தைக் கழட்டச் சொன்னான். செருப்பைக் கழட்டச் சொன்னான். சட்டையையும் கழட்டிட்டுத் தலைப்பா கட்டச் சொன்னான். சட்டை விக்கிற கம்பெனிக்கு விளம்பரம், அதுல நான் மட்டும் சட்டையில்லாம நிக்கணும். அப்புறம் மாடு இருக்கா தாத்தான்னு கேட்டான். மாட்டை வித்து ரொம்ப காலமாச்சு தம்பி, வேணும்னா டிராக்டரை வாடகைக்குக் கூப்புடுறேன்னேன். பயலுக்கு மொகம் சுண்டிப்போச்சு. சம்சாரின்னா வெறுங்கால்ல மாட்டுப் பக்கத்துல நின்னு தூரத்து மேகத்தைப் பாக்கணும்போல. சித்திரை வெயில்ல கரிசக்காட்டுல வெறுங்கால்ல நின்னா மேகமா பாப்பான்? எந்தப் பக்கம் நெழல் இருக்குன்னுதான் பாப்பான்.

சரி, அது கெடக்கட்டும். கம்பெனிக்குப் பேரு வச்சாச்சு. லோகோ வரைஞ்சாச்சு. துணிப்பையில அச்சும் அடிச்சாச்சு. பஞ்சு எங்கிட்டு இருந்து வருதுன்னு கேட்டா மட்டும் ‘அது பேசிக்கிட்டு இருக்கோம் தாத்தா’ங்குற. பருத்திக்கு உழும் முன்னே பொம்மனுக்கு ஏழு மொழம், திம்மனுக்கு ஏழு மொழம்னு உன் அப்பத்தா சொல்லுவா. பொம்மனும் திம்மனும் கூட உள்ளூர்க்காரய்ங்க, கேட்டா நாளைக்கு வாங்கன்னு சமாளிக்கலாம். நீ பெங்களூருல இருக்குறவகளுக்கெல்லாம் முன்பணம் வாங்கிட்டு மொழம் போட்டுக் குடுத்திருக்க.

நம்ம காட்டுல இப்ப நிக்கிறது என்னன்னு தெரியுமா உனக்கு? மக்காச்சோளம். திருமங்கலத்துல இருந்து கல்லுப்பட்டி, பேரையூரு வரைக்கும் பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து வா, கரிசல் பூராவும் அதுதான். கோழித்தீவனத்துக்குப் போகுது. பருத்தி அங்கொண்ணு இங்கொண்ணு. அதுவும் நீ தேடுற பருத்தி இல்ல.

நீ தேடுற பருத்தி கருங்கண்ணி. அதைச் சொல்றேன், காது குடுத்துக் கேளு, அட்டையில எழுதறதுக்கு ஆகும். புரட்டாசிக் கடைசியில நெலத்தை ஒழுங்கு பண்ணி, ஐப்பசி மழைக்கு வெதைப்போம். வெதை மேல பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிரும். அதனால சாணிப்பால்ல புரட்டி, உருட்டிக் காயவச்சுத்தான் வெதைக்கணும். ஊடால உளுந்து, பாசி, கொத்தமல்லி. பருத்தி ஏமாத்துனா பயறு கஞ்சி ஊத்தும். வேரு கீழ போயிக்கிட்டே இருக்கும். மேமழை நின்னாலும் கரிசலுக்குள்ள இருக்குற ஈரத்தைத் தேடிக் குடிச்சுக்கிரும். கெணத்துத் தண்ணி கேக்காது, மோட்டாரு கேக்காது. மாசி, பங்குனியில காய் வெடிக்கும். விடியக்காலம் பனியோட எடுத்தாத்தான் சருகுத்தூசி ஒட்டாது. அதனால பொம்பளைக கோழி கூப்புடவே மடியைக் கட்டிக்கிட்டுக் காட்டுல நிப்பாக.

ஒரே ஒரு கொறைதான் அதுக்கு. இழை கட்டை. ராட்டையில நூக்குறவளுக்கு அது கொறையே இல்ல, கை சொன்னபடி கேக்கும். மில்லுக்காரனுக்குத்தான் ஆகாது. ஹார்வின்னு ஸ்காட்லாந்துல இருந்து வந்த அண்ணன் தம்பிக மதுரை ரயிலடிப் பக்கம் மதுரா மில்லைக் கட்டுனாய்ங்க, 1890-கள்ல. நம்ம சனத்துக்கு அது ஹார்வி மில்லுதான். அதோட சங்குச் சத்தத்தை வச்சுத்தான் பாதி மதுரை எந்திரிச்சுச்சு, தூங்குச்சு. மிசினு வேகமா சுத்தும், கட்டை இழை படக்குன்னு அந்துபோகும். அப்ப என்ன செய்யணும்? மிசினைப் பருத்திக்குத் தகுந்தாப்புல மாத்தலாம், இல்ல பருத்தியை மிசினுக்குத் தகுந்தாப்புல மாத்தலாம். மிசினு செஞ்ச ஊரு தூரத்துல இருக்கு, சம்சாரி பக்கத்துல இருக்கான். யாரை மாத்துவாய்ங்க?

கோவில்பட்டியில 1901-லயே பண்ணை போட்டாய்ங்க. நம்ம கருங்கண்ணியைப் பொறுக்கிப் பொறுக்கித் தரம் ஏத்தி, கே 1-ல இருந்து வரிசையா நம்பரு போட்டு வெளிய விட்டாய்ங்க. அது நல்ல காரியந்தான், நான் பழி சொல்ல மாட்டேன். பண்ணை போட்ட காலத்தை ஒட்டித்தான் கம்போடியாப் பருத்தி கடல் தாண்டி வந்துச்சு. அப்புறம் கோயம்புத்தூருல எம்.சி.யு.ன்னு ஒரு வம்சம் கெளப்புனாய்ங்க. அது என்னன்னு கேட்டா மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. மூணு தேசத்துக்குச் சம்பந்தம் பேசி முடிச்ச கல்யாணம். புள்ளை நல்லா நீளமா பொறந்துச்சு. ஆனா தண்ணி கேட்டுச்சு, உரம் கேட்டுச்சு, பூச்சிக்கு மருந்து கேட்டுச்சு. கேட்டதெல்லாம் கடன் வாங்கிக் குடுத்தோம். கடைசியா 2002-ல பி.டி. பருத்தி. காய்ப்புழு வாயை வச்சா செத்துரும்னாய்ங்க. செத்துச்சு, கொஞ்ச வருசம். அதுக்கப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையே பழகிக்கிருச்சு. நம்ம சனம் பழகாததெல்லாம் புழு பழகிக்கிருது.

1947-ல இந்தியாவுல பருத்திக்காட்டுல நூத்துக்கு 97 பங்கு நாட்டுப்பருத்திதான். இப்ப நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல பி.டி. அந்த வெதையைப் போட்டுட்டு சாணி உரம் போட்டாலும், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சாலும் ஆர்கானிக்னு எவனும் ஒத்துக்க மாட்டான், சட்டமே அப்படி. ஆகவே உன் மொதல் வேலை லோகோ இல்ல தாயி, வெதை. பி.டி. இல்லாத அதே சாதிப் பருத்தியைப் போட்டாலும், பக்கத்துக் காட்டுல பி.டி. நின்னா தேனீ போயி அந்த மகரந்தத்தைக் கொண்டாந்து கலந்து விட்டுரும். தேனீக்கு எந்தக் கம்பெனி லோகோவும் தெரியாது.

இப்ப கணக்குக்கு வருவோம். எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சிராத, கூட்டுறவு சங்கத்துல டைரக்டரா இருந்தவன். தப்புக் கணக்கு எங்க ஒளிஞ்சிருக்கும்னு அங்கதான் படிச்சேன்.

உன் டி-சர்ட்டுக்கு வெலை 1,800 ரூவான்னு போட்டிருக்க. கழிவெல்லாம் சேத்து ஒரு டி-சர்ட்டுக்குக் கால் கிலோ பஞ்சு வையி. மூணு கிலோ பருத்தியை அரைச்சாத்தான் ஒரு கிலோ பஞ்சு, மிச்சம் கொட்டை. அப்ப ஒரு டி-சர்ட்டுக்கு முக்காக் கிலோ பருத்தி. 2024–25-க்கு மத்திய சர்க்காரு நடுத்தர இழைப் பருத்திக்குக் கட்டுன ஆதரவு வெலை குவிண்டாலுக்கு 7,121 ரூவா. கிலோவுக்கு 71. முக்காக் கிலோவுக்கு 53 ரூவா. உழவு, வெதை, களையெடுப்பு, எடுப்புக்கூலி, மண்டிக்கு வண்டி வாடகை எல்லாம் அந்த 53-க்குள்ளதான். நீ பெரிய மனசு பண்ணி சம்சாரிக்கு ஒண்ணுக்கு ரெண்டா வெலை குடுத்தேன்னு வையி, உன் சட்டைக்கு ஏறுறது 53 ரூவா. உன் அட்டை இருக்கே, கெட்டியா, மண்ணு நெறத்துல, சணல் கயிறு கோத்து, அதுல வெதை வேற ஒட்டி நட்டு வச்சா முளைக்கும்னு போட்டிருக்கியே, அதுக்கு என்ன செலவுன்னு கேட்டேன். நீ பேச்சை மாத்திட்ட. கேட்டது கெழவன், மாத்துனது பேத்தி, அதனால விட்டேன். நாளைக்கு வாங்குறவக கேட்டா?

சர்ட்டிபிகேட்டுனா உனக்கு உசுரு. எனக்குந்தான் ஆசை. ஒலகம் பூராவும் மதிக்கிற சான்று ஒண்ணு, காட்ஸ்னு சொல்றாய்ங்க. நூத்துக்கு 95 பங்கு ஆர்கானிக் இழை இருந்தா ‘ஆர்கானிக்’னு போட்டுக்கலாம். 70 இருந்தா ‘ஆர்கானிக்கை வச்சு செஞ்சது’ன்னு போட்டுக்கலாம். பரவாயில்ல, என் மகன் பத்தாங்கிளாசுல 70 வாங்குனப்ப நானும் ஊருக்கெல்லாம் மிட்டாயி குடுத்தேன். சாயத்துல எது ஆகும் எது ஆகாது, தண்ணியை எப்படிச் சுத்தம் பண்ணணும், கூலிக்காரகளை எப்படி நடத்தணும்னும் அதுல வெவரமா இருக்கு. விதி குத்தமில்ல.

ஆனா 2020-ல என்ன நடந்துச்சு? ஆர்கானிக் பருத்தி அதிகமா விளையுற தேசம் நம்ம தேசம். அங்கயே 20,000 டன் பருத்திக்குப் போலிச் சீட்டு. சீட்டுல இருக்குற கியூஆர் கோடைப் போனுல காமிச்சா சர்க்காரு வெப்சைட்டு மாதிரியே ஒண்ணு தெறக்கும், எல்லாம் சரின்னு சொல்லும். அந்த வெப்சைட்டே போலி! காட்ஸ்காரகளே கண்டுபுடிச்சு வெளிய சொன்னாக, 11 கம்பெனிக்குத் தடை போட்டாக. பாரேன், பருத்தியை ஆர்கானிக்கா விளைய வைக்க ஒருத்தனுக்கும் பொறுமையில்ல, வெப்சைட்டை மட்டும் ஒரு குத்தங்கொறை இல்லாம விளைய வச்சிருக்கான்.

இன்னொரு வேடிக்கை. மருந்து அடிக்கிறவனுக்கு ஒரு சீட்டும் வேணாம். கடையில போயி எந்த டப்பா வேணும்னாலும் வாங்கலாம், கைக்கு வந்தபடி அடிக்கலாம். அடிக்காதவன்தான் நோட்டுப் போட்டு எழுதணும். எந்தத் தேதி என்ன போட்டேன், வெதை எங்க வாங்குனேன், பக்கத்துக் காட்டுக்கும் நம்ம காட்டுக்கும் எத்தனை அடி. பிறகு கோயம்புத்தூருல இருக்குற அங்ககச் சான்றளிப்புத் துறையில இருந்து ஆளு வந்து பாப்பாக. ரெண்டு மூணு வருசம் மாறுகாலம். அதுவரைக்கும் ஆர்கானிக் வெள்ளாமை, சாதா வெலை. அந்த மாறுகாலத்துக்கு என் வயித்துக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுப்பா? இதை உன் கம்பெனியில யாராச்சும் யோசிச்சீகளா?

‘வெலை கூட இருக்கு தாத்தா, அதான் சனங்க வாங்க யோசிக்கிறாக’ன்னு அன்னைக்கு வருத்தப்பட்டியே. அந்தப் பேச்சு நம்ம மதுரைக்குப் புதுசில்ல. 1921 செப்டம்பர்ல காந்தி மெட்ராசுல இருந்து ரயில்ல மதுரைக்கு வந்தாரு. வண்டியில இருந்த சனம் பூராவும் சீமைத்துணி உடுத்தியிருந்துச்சு. கதர் உடுத்துங்கன்னாரு. நாங்க ஏழைக, கதர் வெலை கட்டுபடியாகாதுன்னுட்டாக. மனுசன் அப்ப தலையில குல்லா, மேல சட்டை, கீழ நீள வேட்டின்னு இருந்தாரு. மதுரைக்கு வந்து மேலமாசி வீதியில ராம்ஜி கல்யாண்ஜி வீட்டுல தங்குனாரு. 22-ம் தேதி காலையில வெளிய வரும்போது குல்லாவும் இல்ல, சட்டையும் இல்ல. அரையில ஒரு முண்டு. அக்டோபர் 31 வரைக்கும் இப்படி இருந்து பாக்குறேன்னுதான் மொதல்ல சொன்னாரு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதுதான். 1931-ல லண்டன் அரமனைக்குப் போயி ராசாவைப் பாத்ததும் அதோடதான். அந்த மேலமாசி வீதி வீட்டுல இன்னைக்குக் கதர்க் கடை இருக்கு, ஜங்சனுக்கு வந்தா எட்டிப் பாத்துட்டுப் போ.

நல்லா கவனி. நல்ல துணி வெலை கூடன்னு சனம் சொன்னதுக்கு அவரு தள்ளுபடி அறிவிக்கல. ரெண்டு வாங்குனா ஒண்ணு இனாம்னு சொல்லல. ஏழைக்கு அறிவில்ல, விழிப்புணர்வு குடுக்கணும்னு கூட்டம் போடல. தன் ஒடம்புல இருந்து துணியைக் கொறச்சாரு. மொழம் கொறஞ்சா வெலை தானே எட்டும்னு காமிச்சாரு. நல்லவேளை, உன்னை மாதிரி கம்பெனி அன்னைக்கு மதுரையில இல்ல. இருந்திருந்தா மறுநாளே ‘மதுரை எடிசன்’னு அந்த முண்டை 4,999 ரூவாய்க்கு வித்திருப்பீக.

உன் அலமாரியில எத்தனை சட்டை இருக்குன்னு உன் ஆத்தா சொன்னா. எல்லாம் பூமியைக் காப்பாத்துற சட்டைதான். இத்தனை சட்டைக்குப் பூமி வேணும்ல, அதான் காப்பாத்துறீக போல.

நம்ம கல்லுப்பட்டியில காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்குதே, சின்னப் புள்ளையில ராட்டை பாக்கக் கூட்டிட்டுப் போனேன், நீ ஐஸ் வேணும்னு அழுதுட்டு இருந்த. அங்கதான் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தைக் கழிச்சாரு. தஞ்சாவூரு ஆளு, லண்டன்ல கணக்குப் படிச்சவரு, அமெரிக்காவுல பொருளாதாரம் படிச்சவரு. படிச்சதையெல்லாம் கொண்டாந்து செக்கு, ராட்டை, கைக்குத்தல் அரிசின்னு கணக்குப் போட்டாரு. 1960 சனவரி 30-ல, காந்தி செத்த அதே தேதியில, போயிச் சேந்தாரு. அவரு சொல்லிட்டே இருந்த சங்கதி ஒண்ணு: ஒரு பொருளை வாங்குறவன் காசை மட்டும் குடுக்கல, அந்தப் பொருளு எப்படிச் செய்யப்பட்டுச்சோ அந்த நல்லது கெட்டதுலயும் கூட்டாளி ஆகுறான். நீங்க இப்ப இங்கிலீசுல பேரு வச்சு மாநாடு போடுறதைத்தான் அந்த மனுசன் அப்பவே சொல்லிட்டாரு. டிக்கெட் போடாமச் சொன்னதால ஒருத்தரும் காதுல வாங்கல.

இந்த எடத்துல கொஞ்சம் சிரிப்பை நிப்பாட்டிக்கிறேன். பஞ்சு சுத்தமா இருந்தாப் போதுமா? நம்ம பக்கத்துப் பொண்ணுக எத்தனை பேரு நூல் மில்லுக்குப் போனாக. மூணு வருசம் மில்லு விடுதியில தங்கி வேலை பாத்தா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னாய்ங்க. சுமங்கலித் திட்டம்னு மங்களமாப் பேரு. வெளிய போக விடாம, ராத்திரி சிப்டு, முடியாமப் பாதியில வந்தா தொகை இல்ல. 2021 சனவரியில திண்டுக்கல் பக்கம் துணி தைக்கிற ஆலையில வேலை பாத்த ஒரு தலித் பொண்ணைக் கொன்னுட்டாய்ங்க. கூட வேலை பாத்த சூபர்வைசர் மேல கேசு. அந்த ஆலை தைச்சது பூராவும் வெளிநாட்டுப் பெரிய பெரிய கடைகளுக்கு. அத்தனை கடையும் நல்லவிதமா நடத்துறோம்னு புத்தகம் போட்டு வச்சிருந்த கடைதான். அதுக்கப்புறம் பொம்பளைக முன்ன நிக்கிற தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஒண்ணு விடாமப் பிடிச்சு, 2022 ஏப்ரல்ல ஆலைக்காரகளையும் எச் அண்ட் எம் கம்பெனியையும் கையெழுத்துப் போட வச்சுச்சு. பெறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேந்தாக. திண்டுக்கல் ஒப்பந்தம்னு பேரு. தைக்கிற பொம்பளைகள்ல இருந்தே ஆளு வச்சுத் தப்புத்தண்டா நடக்குதான்னு பாக்கணும், மீறுனா ஆர்டர் நிக்கும்னு எழுதிக்கிட்டாக. வெறும் வாக்குறுதி இல்ல, சட்டப்படி கட்டுப்படுத்துற கையெழுத்து. உன் துணியைத் தைக்கப்போற எடத்துல சங்கம் இருக்கான்னு கேட்டியா ஆத்தா? பஞ்சைப் பத்தி அட்டையில இருவது வரி இருக்கு, தைக்கிறவளைப் பத்தி ஒரு வரி இல்ல.

சாயம்? திருப்பூருக்கு அனுப்பிச் சாயம் போட்டுக்கலாம்னு சொன்ன. போடு. ஆனா நொய்யல் கதையைக் கேட்டுட்டுப் போடு. ஒரத்துப்பாளையத்துல 1992-ல அணை கட்டுனாக பாசனத்துக்கு. சாயத்தண்ணி தேங்குச்சு. இந்தத் தண்ணியைத் தெறந்து விடாதீகன்னு சம்சாரிகளே கோர்ட்டுக்குப் போனாக. தண்ணி குடுன்னு கேட்டுப் போற சம்சாரியைப் பாத்திருப்ப, வேணாம்னு போனவகளைப் பாத்திருக்கியா? 2011 சனவரியில மெட்ராஸ் ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லிருச்சு. இப்ப ஒரு சொட்டுக்கூட ஆத்துல விடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு நெலையம் போட்டு நடத்துறாக, அந்தச் செலவும் நெறையா ஆகுது. அவுரி, மஞ்சள், மாதுளைத்தோலுன்னு சாயம் போடுறவகளும் இருக்காக. அது வெளுக்கும். வெளுத்தா வாங்குனவ உனக்கு ஒத்தை ஸ்டார் போடுவா. அதுக்கும் தயாரா இருந்துக்க.

சென்னையில துலான்னு ஒரு கூட்டம் இருக்கு, போயிப் பாரு. மானாவாரி நாட்டுப்பருத்தியைச் சம்சாரிகிட்ட நேரா வாங்கி, கையில நூத்து, தறியில நெய்ஞ்சு, இயற்கைச் சாயம் போட்டு விக்கிறாக. ஒவ்வொரு கைக்கும் நியாயமான கூலி போகணும்ங்கறது அவுக கொள்கை. நம்ம கருங்கண்ணியும் அங்க போயித் துணியாகுது. வேகமா வளரலியேன்னு உன் பார்ட்னர் பையன் சொல்லுவான். ராட்டை சுத்துற வேகத்துக்குத்தான் வளரும். அவனை ஒரு நாளைக்கு ராட்டையில உக்கார வையி, அதுக்கப்புறம் வளர்ச்சி பத்திப் பேசட்டும்.

பழம்பெருமை வேணுமா உன் அட்டைக்கு? அள்ளிக்க. கீழடியில தோண்டுனப்ப நூல் நூக்குற தக்களி வந்துச்சு. சாணக்கியன் எழுதுன அர்த்தசாஸ்திரத்துல நல்ல பருத்தித்துணிக்கு மதுரை பேரு இருக்கு. சங்கப் புலவர்ல ஒருத்தரு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரு, ஜவுளி யாவாரி. யாவாரமும் பாத்துக் கவிதையும் எழுதுன மனுசன். உன்னை மாதிரித்தான், நீ டேக்குல எழுதுற. சுங்குடி வேற இருக்கு. 2005-ல புவிசார் குறியீடு வாங்குனது. சௌராஷ்டிரப் பொம்பளைக நெகத்தை வச்சுத் துணியை நுனி நுனியாப் பிடிச்சு ஆயிரக்கணக்குல முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குவாக. இப்ப கடையில சுங்குடின்னு விக்கிறதுல ஏகப்பட்டது மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். முடிச்சுப் போடுறவளுக்குக் கூலி கட்டல, போயிட்டா. முடிச்சு போனாலும் பேரு மட்டும் நல்லா ஓடுது.

நடுவுல ஒண்ணு கேக்குறேன். ராத்திரி மதுரையில வண்டிக்கடையில நின்னு பருத்திப்பால் குடிக்கிறாகளே, சுக்கும் ஏலமும் கருப்பட்டியும் போட்டு, நீயும்தான் ரெண்டு டம்ளர் குடிப்ப. அந்தப் பருத்திக்கொட்டை எந்தக் காட்டுக் கொட்டைன்னு என்னைக்காச்சும் கேட்டியா? மேல போடுற துணிக்கு ஆயிரம் சோதனை, உள்ள போறதுக்கு ஒரு கேள்வி இல்ல. சல்லிக்கட்டுக் காளைக்குக்கூட எந்தக் கொட்டை போடுறதுன்னு ஆளுக பாத்துத்தான் வாங்குறாய்ங்க. சொல்லிட்டேன்னு பருத்திப்பாலை விட்டுறாத. உன் அடுத்த பிராண்டுக்கு யோசனை குடுத்தேன், அம்புட்டுத்தான்.

புதுமண்டபத்துத் தையக்காரக ஞாபகம் இருக்கா? திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம், தூணுக்குத் தூணு ஒரு மிசினு. இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாக. அங்க போயி ஒரு தையக்காரரைச் சம்பளத்துக்குப் புடி. உன்கிட்ட வாங்குன சட்டை கிழிஞ்சா, பட்டன் போனா, இடுப்பு பெருத்தா திருப்பி அனுப்புங்க, சரி பண்ணி அனுப்புறோம்னு சொல்லு. உன் அப்பத்தா சேலை பத்து வருசம் சேலையா இருந்துச்சு, அதுக்கப்புறம் உன் அப்பனுக்குத் தொட்டிலா, அப்புறம் எனக்குத் தலைப்பாத் துணியா, கடைசியா விளக்குத் திரியா எரிஞ்சுபோச்சு. உன் டி-சர்ட்டுல இழுவைக்குன்னு அஞ்சு சதம் ரப்பர் நூல் கலந்திருக்கியே, திரி திரிச்சா நாறும். ஆனா நான் சொல்றபடி செஞ்சேன்னா ஒருத்தி ரெண்டாவது சட்டை வாங்க வர அஞ்சாறு வருசம் ஆகும். இதை உன் பார்ட்னர்கிட்ட சொல்லிப்புட்டு அவன் மொகத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் சுவத்துல மாட்டி வைக்கிறேன்.

இம்புட்டு கிண்டல் பண்றவன் வெதைக்க மாட்டான்னு நெனச்சிராத. வெதைக்கிறேன். மேக்குப் பக்கத்துக் கரிசல்ல ரெண்டு ஏக்கர் மக்காச்சோளத்தை விட்டுட்டுக் கருங்கண்ணி போடுறேன். கோவில்பட்டிப் பண்ணையில கேட்டா வெதைக்கு வழி சொல்லுவாக, அது என் பொறுப்பு. ஆனா யாவாரம்னா யாவாரம், பேத்தின்னு பாக்க மாட்டேன். பருத்தி வந்ததும் வெலை பேசுற சோலியே கெடையாது. புரட்டாசிக்குள்ள வெலையைப் பேசி முடிக்கணும், பேசுனதுல பாதியை வெதைக்க முன்னாடி குடுத்துறணும். நகையை அடகு வச்சு உனக்காக ஆர்கானிக் பண்ண முடியாது. உளுந்தும் பாசியும் எனக்கு, அதுல பங்கு கேக்கக் கூடாது. எடுப்புக்கு வர்ற பொம்பளைகளுக்கு ஊருல என்ன கூலியோ அதுக்கு மேல அம்பது ரூவா, அது உன் கணக்கு. கொட்டையை அரவையில இருந்து திருப்பி எனக்கே அனுப்பிறணும், பக்கத்து வீட்டு மாடும் அடுத்த வருச வெதையும் அதை நம்பித்தான் இருக்கு.

மழை பொய்ச்சா? அதான் எல்லாரும் கேக்க மறக்குற கேள்வி. பொய்ச்சா நட்டத்துல பாதி உனக்கு, பாதி எனக்கு. பேப்பர்ல எழுது, உன் அப்பன் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். உன் பார்ட்னருக்கு இது ஒத்து வராதுன்னா சொல்லிரு, மக்காச்சோளத்துக்கு யாவாரி நாளைக்குக் காலையிலேயே வர்றேன்னு இருக்கான். முன்பணத்தைப் போனுல அனுப்பாத, என்னது பட்டன் போனு. வெலை பேச வரும்போது கையில கொண்டா. பழைய நோட்டுக் குடுத்து ஏமாத்துற வேலை வேணாம், எண்ணித்தான் வாங்குவேன்.